மீத்திறன் மாணவர்: விளையும் பயிரும் காணும் கண்ணும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் இப்பழமொழி சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. முளையிலே தெரியும் என்றால் யார் கண்ணுக்குத் தெரியும்? பயிர்த்தொழில் அறிந்தவன் கண்ணுக்குத் தெரியும். அறியாதவனோ நெல்லின் முளையைப் புல்லென்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுவான். பிள்ளைகளின் அறிவுத்திறனும் இத்தகையதே. மீத்திறன் படைத்த பிள்ளைகளுக்கெனத் தொடக்கப்பள்ளி நிலையிலேயே தனிக் கல்வித் திட்டங்களைப் பல நாடுகள் வகுத்துள்ளன. அத்திட்டங்கள் யாவை, அவற்றுக்குரிய பிள்ளைகளை எவ்வாறு கண்டறிகின்றனர், நம்மைப் போன்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவற்றில் இடம் உண்டா என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கண், மீத்திறன் என்பது யாது? வகுப்பில் முதல் நிலை பெறுவதே மீத்திறன் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. சொன்ன பாடத்தைத் தவறாமல் படித்து, அழகுற எழுதி, நூற்றுக்குத் தொண்ணூறு பெறும் பிள்ளை நல்ல மாணவர், போற்றத்தக்கவர். ஆனால், ஒத்த வயதுடைய பிறரைவிட விரைவாகவும் ஆழமாகவும் ஒன்றைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலே மீத்திறன் எனப்படுவது. அஃது எல்லாப் பாடங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கணக்கில் தம் வயதை மீறி ஓடும் பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாறலாம். கதை புனைவதில் வல்ல சிறுமி வாய்பாட்டை மறந்து நிற்கலாம்.

இப்பிள்ளைகள் எப்போதும் ஆசிரியருக்கு இனியவராக இருப்பர் என்றும் சொல்வதற்கில்லை. முன்னரே தெரிந்த பாடத்தை மீண்டும் கேட்கும்போது சலிப்பு உண்டாகிறது. சலிப்புற்ற பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்க்கும். பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும். அல்லது வாய் திறவாமல் ஒதுங்கிவிடும். குறும்பன் என்றும் மந்தமானவன் என்றும் பெயர் வாங்கிய பிள்ளைகளுள் இத்தகையோர் இருப்பதுண்டு. தந்தையின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்து, "பிடித்தம் போக வரவேண்டிய தொகை இதுவன்றே, அப்பா" என்று கேட்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் சக்கரம் ஏன் பின்புறத்தில் இரட்டையாக இருக்கிறது என்று ஓயாமல் கேட்கும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வந்த பெற்றோருக்கு இக்கேள்விகள் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், ஆராய்ச்சியாளர் தேடும் அடையாளங்கள் இவையே.

இனி, அறிவை அளக்கும் முயற்சியின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1905ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்னும் இருவர் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினர். அதன் நோக்கம் மீத்திறன் உடையோரைத் தேடுவதன்று. படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு உதவுவதே. அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்ட பொருள் என்பதைப் பினே ஏற்கவில்லை; பயிற்சியால் அது வளரும் என்றார். அவருக்குப் பின் வந்தோர் இக்கருத்தை மறந்தனர் என்பது வருந்தத்தக்கது.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்னும் பேராசிரியர் இச்சோதனையைத் திருத்தி 1916இல் வெளியிட்டார். பின்னர் 1921இல் கலிபோர்னியா மாநிலத்தில் மிக உயர்ந்த அறிவு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் வாழ்க்கை பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் நன்கு படித்து நல்ல நிலையில் வாழ்ந்தனர் என்பது உண்மை. ஆனால் ஒரு வியப்பையும் கேளுங்கள். அக்காலத்தில் சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாது என்று விலக்கப்பட்ட சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்னும் இருவர் இருந்தனர். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுள் ஒருவர்கூட அப்பரிசைப் பெறவில்லை! டெர்மன் எந்த வழியில் பிள்ளைகளைத் தேடினார் என்பதும் நோக்கத்தக்கது. வகுப்பில் யார் மிகுந்த அறிவுடையவர் என்று முதலில் ஆசிரியர்களைக் கேட்டார். அவர்கள் குறிப்பிட்ட பிள்ளைகளே பெரும்பாலும் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஆசிரியரின் கண்ணில் படாத பிள்ளைக்கு வாயிற்கதவே திறக்கவில்லை.

1978இல் ஜோசப் ரென்சூலி என்னும் கல்வியறிஞர் வேறொரு விளக்கம் தந்தார். சராசரிக்கு மேற்பட்ட திறன், புதியன படைக்கும் ஆற்றல், எடுத்த செயலைக் கைவிடாத முயற்சி என்னும் மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. மதிப்பெண் இதில் ஒரு கூறுதான். இக்கொள்கையின்படி, நூற்றுக்கு ஒருவரைப் பொறுக்கி எடுத்துத் தனி வகுப்பில் அமர்த்துவதைவிட, நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு வாய்ப்பளித்து, யார் எதில் ஊன்றி நிற்கின்றனர் என்று பார்ப்பதே பொருத்தம் ஆகும். எம் கருத்தும் இதுவே.

வறுமையும் மொழியும் எவ்வாறு திறனை மறைக்கின்றன என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பிரவார்டு என்னும் பெரிய பள்ளி வட்டாரத்தில் நடந்தது தக்க சான்றாகும். அங்கே முன்பு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் ஒரு பிள்ளை மீத்திறன் சோதனைக்கு அனுப்பப்படும். வசதி படைத்த பெற்றோர் இத்திட்டத்தை அறிந்திருந்தனர். வேண்டுமானால் பணம் கொடுத்துத் தனியார் உளவியலாளரிடமும் தம் பிள்ளைகளைச் சோதித்துக்கொண்டனர். ஏழைப் பெற்றோருக்கோ அப்படியொரு திட்டம் உண்டென்பதே தெரியாது. 2005ஆம் ஆண்டில் அவ்வட்டாரம் ஒரு மாற்றம் செய்தது. இரண்டாம் வகுப்பில் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும், யாருடைய பரிந்துரையும் இன்றி, சொற்கள் தேவைப்படாத ஒரு சோதனை பள்ளியிலேயே நடத்தப்பட்டது. விளைவு யாது? திட்டத்தில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது மடங்கு, அஃதாவது முன்பு பத்துப் பேர் இருந்த இடத்தில் பதினெட்டுப் பேர் என்னும் அளவுக்கு உயர்ந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் சமூகத்துப் பிள்ளைகளின் விகிதமோ இரு மடங்குக்கும் மேலாகியது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்னும் பொருளியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அப்பிள்ளைகள் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிடவில்லை. முன்னரும் அதே பள்ளிகளில்தான், அதே நாற்காலிகளில்தான் அமர்ந்திருந்தனர். பின்னர் நிதிக் குறைவால் அச்சோதனை நிறுத்தப்பட்டபோது பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பிவிட்டது.

சொற்கள் இல்லாத சோதனை எவ்வாறு இருக்கும் என்று மாணவச் செல்வங்கள் அறிய விரும்பலாம். ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் மூன்று வட்டங்கள். ஒன்றினுள் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. இரண்டாம் வரிசையில் அவ்வாறே புள்ளிகள் இட்ட மூன்று முக்கோணங்கள். மூன்றாம் வரிசையில் ஒரு புள்ளியுடைய சதுரம், இரு புள்ளியுடைய சதுரம். கடைசிக் கட்டம் வெறுமை. அங்கே வரவேண்டியது எது? விடை காண்பதற்குத் தமிழோ மலாயோ ஆங்கிலமோ தேவையில்லை. உண்மைச் சோதனையில் வரும் படங்கள் இதனினும் மிகக் கடினமானவை. இங்கிலாந்தில் ரேவன் என்பார் 1938இல் வெளியிட்ட சோதனை இவ்வகையைச் சேர்ந்தது. இதுவும் குறையற்ற அளவுகோல் அன்று. பென்சில் பிடித்துப் படப்புதிர் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இதிலும் சிறிது மேலாண்மை இருக்கத்தான் செய்யும்.

இனி நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தொடக்கக் கல்வியை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முடிக்கலாம் என வகை செய்தது. அவ்வாண்டிலேயே முதற்படி மதிப்பீடு எனப்படும் பிடிஎஸ் தேர்வு அறிமுகமாயிற்று. மூன்றாம் ஆண்டில் பயிலும் பிள்ளைகள் இதில் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். இன்று பெற்றோராக இருக்கும் பலர் அத்தேர்வை எழுதியிருப்பர். எழுதிய நாளின் நெஞ்சத் துடிப்பையும் மறந்திருக்க மாட்டார்கள். விரைந்து கற்கும் பிள்ளையைக் காத்திருக்கச் செய்யாமல் முன்னே விடுவது அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆயினும் நாளடைவில் அத்தேர்வுக்கெனவே தனி வகுப்புகளும் பயிற்சி நூல்களும் பெருகின. தாண்டிச் சென்ற பிள்ளைகளுள் சிலர், பாடத்தில் ஈடுகொடுத்தாலும், மூத்த பிள்ளைகளின் நடுவே பழகத் தடுமாறினர். 2000ஆம் ஆண்டோடு அத்தேர்வு முடிவுக்கு வந்தது. நான்காம் ஆண்டுப் பாடத்தைத் தாண்டுவது வேறு, மீத்திறனுக்கு உரிய ஆழமான கல்வியைப் பெறுவது வேறு. படிக்கட்டில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தவனும் ஏறுவது அதே படிக்கட்டில்தான் அன்றோ?

2009இல் பெர்மாத்தா பிந்தார் என்னும் திட்டம் பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. இளம் மீத்திறனாளர் கல்வியில் பெயர் பெற்ற அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதற்குத் துணைநின்றது. முதலில் கணினிவழி ஒரு சோதனை. அதில் சிறந்தோர்க்கு மேற்பார்வையுடன் இரண்டாவது சோதனை. அதிலும் தேறியோர்க்குப் பள்ளி விடுமுறையில் பல்கலைக்கழக வளாகத்தில் முகாம். அங்கே தேர்வுக்குரிய பாடங்களை விடுத்து, அறிவியலையும் கணிதத்தையும் பிறவற்றையும் ஆய்வுமுறையில் கற்றனர். 2011இல் முழுநேரக் கல்லூரியும் அங்கே தொடங்கியது. பிற்காலத்தில் அதன் பெயர் ஜீனியஸ் பிந்தார் என மாறியது.

வீட்டிலிருந்தே யாரும் பதிந்துகொண்டு எழுதலாம் என்னும் முறை பெரும் நன்மைதான். எனினும் பிரவார்டில் கண்ட இடர் இங்கும் உண்டு. அப்படியொரு சோதனை நடக்கிறது என்று யாராவது பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் கணினியும் இணையத் தொடர்பும் இருக்க வேண்டும். பதிவதற்கு வழிகாட்டும் ஒருவர் வேண்டும். பட்டணத்தில் இவை மூன்றும் இயல்பாகக் கிட்டுகின்றன. தோட்டத்து வீட்டில், காலைப் பெரட்டுக்கு இருட்டிலே எழுந்து செல்லும் பெற்றோர்க்கு, பள்ளியே இம்மூன்றையும் தர வேண்டியுள்ளது. சோதனைக் காலத்தில் பள்ளியின் கணினி அறையை ஒரு மாலைப்பொழுது திறந்துவைத்து, முதலிடம் பெறும் பிள்ளைகளை மட்டும் அழைக்காமல் வகுப்பு முழுவதையும் அமர்த்தினால் செலவு ஒன்றும் பெரிதாகாது.

அண்டை நாடாகிய சிங்கப்பூரின் அனுபவமும் நமக்குப் பாடமாக உள்ளது. அங்கே 1984ஆம் ஆண்டில் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. முதலில் ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, ரோசைத் பள்ளி என்னும் இரு தொடக்கப்பள்ளிகளிலேயே நடந்தது; பின்னர் ஒன்பது பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கநிலை மூன்றில் ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் முதற்கட்டத் தேர்வு. அதில் தேறியோர்க்கு அவ்விரண்டோடு பொதுத்திறன் தேர்வும். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தேர்வாவர். அவர்கள் தம் பள்ளியையும் நண்பர்களையும் விட்டுவிட்டு, நான்காம் ஆண்டு முதல் அந்த ஒன்பது பள்ளிகளுள் ஒன்றில் தனி வகுப்பில் பயில்வர். பாடங்கள் ஆழமாகவும் விரிவாகவும் அமைந்தன. பிள்ளைகள் தாமே ஆய்வு செய்து கட்டுரை எழுதினர். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை.

ஆனால் காலப்போக்கில், இயற்கைத் திறனை அறியவேண்டிய தேர்வுக்கே பிள்ளைகளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் தோன்றியது. பணம் உள்ளவர் பிள்ளைகளே மிகுதியாக நுழைகின்றனர் என்னும் குறையும் எழுந்தது. ஒன்பது வயதில் எழுதிய ஒரு தேர்வு, நீ மீத்திறன் உடையவன், நீ அல்லன் என்று முத்திரை குத்திவிடுவதா என்று பலரும் கேட்டனர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அத்திட்டம் அப்போதைய வடிவில் முடிவுக்கு வரும் என அறிவித்தார். அதற்கு மாற்றாக, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் திறன்மிக்க பிள்ளைகளைத் தானே வளர்க்கும்; மேலும் ஆழமான பயிற்சி வேண்டுவோர் பள்ளி நேரத்திற்குப் பின் அருகிலுள்ள வேறொரு பள்ளியில் கூடிப் பயில்வர்; பள்ளி மாறத் தேவையில்லை. தேர்வு ஒன்றோடு நில்லாமல் ஆசிரியரின் நெடுநாள் கவனிப்பும் கணக்கில் கொள்ளப்படும். மூன்றாம் ஆண்டில் தவறியவர்க்கு நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை மீண்டும் வாய்ப்பு உண்டு. இவ்வகையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் பயன்பெற வேண்டும் என்பது குறிக்கோள். 2024இல் தொடக்கநிலை ஒன்றில் இருந்த பிள்ளைகளே இம்முறையின் முதல் அணியினர் ஆவர். நாற்பது ஆண்டுகள் பொறுக்கி எடுத்துப் பார்த்த ஒரு நாடு, வாயிலை அகலத் திறப்பதே நலம் என்று முடிவு செய்திருப்பது சிறிய செய்தியன்று.

இவ்வளவும் கேட்டபின், "எங்கள் தோட்டப் பள்ளி சிறியது, ஆசிரியரும் சிலர், இங்கே என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். சிறிய பள்ளிக்கு உள்ள ஒரு வாய்ப்பைப் பலர் எண்ணுவதே இல்லை. மாணவர் தொகை குறைந்த தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து பயில்கின்றனர். இதனைக் குறையாகவே பேசுகிறோம். ஆசிரியருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால், மூன்றாம் ஆண்டுப் பாடத்தை முடித்துவிட்ட பிள்ளையின் செவி, பக்கத்தில் நடக்கும் நான்காம் ஆண்டுப் பாடத்தின் மீது செல்வதை யாரால் தடுக்க முடியும்? பெரிய பள்ளிகள் பொருள் செலவிட்டு ஏற்படுத்தும் வசதி அங்கே தானாக அமைந்திருக்கிறது. அப்பிள்ளை அங்கே கை உயர்த்தினால், "இது உனக்கு உரியதன்று" என்று சொல்லாமல் விடையைக் கேட்பது ஒன்றே ஆசிரியர் செய்யவேண்டியது.

பெரிய வகுப்பிலும் வழி உண்டு. பாடம் நடத்துமுன் சில வினாக்களைக் கொடுத்துப் பார்த்து, முன்னரே தெரிந்தவர்க்கு அதே பயிற்சியைத் திரும்பத் தராமல் வேறு வேலை தரலாம் என்பது ரென்சூலியும் அவரைச் சார்ந்தோரும் காட்டிய முறை. வேறு வேலை என்றால் அதே போன்ற கணக்கு இன்னும் இருபது என்று பொருளன்று. அது பரிசு அன்று, தண்டனை. பரப்பளவுக் கணக்குகளை விரைவில் முடித்த பிள்ளைக்கு இப்படி ஒன்று தரலாம்: இருபத்து நான்கு மீட்டர் நீளமுள்ள கம்பி வேலி உள்ளது, அதைக் கொண்டு நீள்சதுரமாக ஒரு காய்கறித் தோட்டம் அமைக்க வேண்டும், எவ்வாறு அமைத்தால் நிலம் மிகுதியாகக் கிட்டும்? பத்தும் இரண்டும் எனப் பக்கங்களை அமைத்தால் இருபது சதுர மீட்டர். எட்டும் நான்கும் எனில் முப்பத்திரண்டு. ஆறும் ஆறும் எனில் முப்பத்தாறு. சரி, வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று பக்கங்களுக்கு மட்டும் வேலி போட்டால்? அப்போதும் சதுரம்தான் சிறந்ததா? இதன் விடையை நாம் இங்கே எழுதப் போவதில்லை. மாணவர்கள் தாமே தாளும் பென்சிலும் எடுத்துப் பார்க்கட்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்குப் பின் தேசிய மொழிவழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே மலாய்மொழியில் விடை சொல்லத் தயங்கும் பிள்ளையை அறிவில் தயங்கும் பிள்ளை என்று கருதிவிடும் இடர் உண்டு. ஆகவே மலாயிலும் ஆங்கிலத்திலும் பிள்ளை தடையின்றிப் பேசவும் எழுதவும் தொடக்கப்பள்ளியிலேயே பழக வேண்டும். அதற்காக வீட்டில் தமிழை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஆழ்ந்து எண்ணும் பழக்கம் தனக்கு நன்கு தெரிந்த மொழியில்தான் முதலில் உருவாகிறது. பாட்டி சொல்லும் கதையில் "அந்த நரி ஏன் அப்படிச் செய்தது?" என்று கேட்டு மறுத்துப் பேசும் பேரன் சிந்தனைப் பயிற்சியே பெறுகிறான்.

பெற்றோர் பெருமக்கள் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். பிள்ளை திறனுடையது என்று தெரிந்தவுடன் வருவோர் போவோர்க்கெல்லாம் அதை வாய்பாடு ஒப்பிக்கச் செய்தலும், தம்பி தங்கையரோடு ஒப்பிட்டுப் பேசுதலும் தீது பயக்கும். எப்போதும் புகழப்பட்ட பிள்ளை, தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தால் கடினமான கணக்கைத் தொடவே மறுத்துவிடும். அறிவு பத்து வயதுக்கு உரியதாயினும் மனம் ஏழு வயதுக்கு உரியதே. விளையாடவும் அழவும் அதற்கு உரிமை உண்டு.

மற்றபடி பெற்றோர் செய்யக்கூடியது எளியது. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கேட்ட வியப்பான கேள்வி, தானே செய்த பொருள், யாரும் கற்பிக்காமல் கற்றுக்கொண்ட செயல் ஆகியவற்றை நாள் குறித்து இரண்டு வரியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். தேர்ச்சி அறிக்கை பெறப் பள்ளிக்கு வரும் நாளில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், அப்புத்தகத்தை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் காண முடியாததை நீங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். மீத்திறன் சோதனைக்கு எப்போது, எவ்வாறு பதிவது என்பதையும் அன்றே தலைமையாசிரியரிடம் கேட்டு, நாளையும் நேரத்தையும் அதே புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.